ஆள் ஏற்றாத மாமன்

செஞ்சியில் லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் விநாயகத்தைக் கிறுக்கன் என்பார்கள். குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டி அவனுடையது. மணிலாக்கடலை மூட்டை, பந்தல் சாமான், ஆடு என்று எதையும் ஏற்றுவான். ஆளை மட்டும் ஏற்ற மாட்டான். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று மற்ற வண்டிகள் ஆட்களை அடைத்துக்கொண்டு பறக்கும்போது இவன் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். அந்தக் கிறுக்கு இன்னும் நாலு பேருக்குப் பிடித்தால் தேவலை என்பேன் நான்.

முன்பு அவனும் ஏற்றியவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அமாவாசையன்று, அவனுக்கு முன்னால் போன வண்டி வளத்தி பக்கம் ஒரு வளைவில் கவிழ்ந்தது. அடிபட்டவர்களை வாரிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இவன்தான். பின்னால் நின்று வந்தவர்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அதுதான் விநாயகத்துக்குச் சோறு இறங்காமல் செய்தது.

போன மாதம் போலீசார் டிரைவர்களைக் கூட்டிப் பேசினார்கள். விபத்தில் சாகிறவர்கள் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள், லோடு வண்டியில் ஏறிப் போய்ச் சாகிறவர்கள்தான் குறையவில்லை என்றார் அதிகாரி. எல்லோரும் தலையாட்டினார்கள். 'ஆட்களை ஏற்றாதீர்' என்று ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் அதை டீக்கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். விநாயகம் பின்கதவில் ஒட்டினான்.

வம்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. தங்கை பாரதியின் குழந்தைக்கு அமாவாசையன்று மேல்மலையனூரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காத நாள்; மாமன் வண்டி இருக்க நமக்கென்ன என்று சொந்தமெல்லாம் கிளம்பி நின்றது. விநாயகம் சீர்வரிசையையும் பாத்திரங்களையும் ஏற்றிக் கதவைச் சாத்தினான். ஆட்கள் ஸ்பெஷல் பஸ்ஸில் வரட்டும் என்றான்.

பாரதியின் புருஷன் ராஜாங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாமான ஏத்துவ, சொந்தத்த ஏத்த மாட்டியா மச்சான்? நல்ல நேரம் போச்சினா உன் மடியே வேணாம். கோவிந்தசாமி மடில வச்சி குத்திக்கிறோம்."

கோவிந்தசாமி பாரதிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பாரதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் பின்னாலேயே பஸ்ஸுக்கு நடந்தாள். விநாயகத்துக்கு அதுதான் வலித்தது.

கோயிலில் பாயை விரித்து அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பஸ் கூட்டத்தில் ஊர்வதாக ஒரு தரம் போன் வந்தது. பிறகு யாரும் எடுக்கவில்லை. பத்தரைக்கு நல்ல நேரம் முடிந்தது. காது குத்தும் ஆசாரி வேறு குழந்தையைப் பார்க்கப் போனார். வண்டியில் ஏற்றியிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று அவன் மனமே அவனைத் திட்டியது. அந்த நேரத்தில் அவனுக்குத் தன் மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை.

ஒரு வழியாக எல்லோரும் வந்தார்கள். வேர்த்து, கசங்கி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். ராஜாங்கம் கோவிந்தசாமியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தான். பாரதி அவர்களைத் தாண்டி வந்து குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள்.

"நேரம் போயிடுச்சிண்ணா," என்றாள். "நாங்க எல்லாரும் வந்துட்டோம். புள்ளைய புடி."

ஆசாரி திரும்பி வந்து ஊசியை எடுப்பதற்கு முன்பே விநாயகம் அழுதுவிட்டான்.