லூர்து அண்ணன் முறுக்காமல் விட்ட போல்ட்டுகள்

லூர்து அண்ணன் போய்விட்டார். திங்கட்கிழமை காலை, ஹெப்பாள் போகிற கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்... எழுந்திருக்கவே இல்லை.

நேற்று அடக்கம். தயவுசெய்து யாரும் கும்பிடுகிற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த ரீலுக்குப் போகாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் பிளான்ட்டில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸ். பல வருஷமாக பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்.

மனுஷன் தூங்க விடமாட்டார். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் போதும், முழங்கையால் இடித்து, "கேட்டியா? லெஃப்ட் ஷாக் அப்சார்பர் போயிருக்கு" என்பார்.

"ஏனுங்கண்ணே, இது நம்ம ஊட்டு வண்டியா? பேசாம தூங்குங்க."

"சும்னிரு குரு. வண்டி கம்பெனிது, முதுகு நம்முது தானே?"

எங்கள் கௌதள்ளி ஊர்த் தமிழுக்கு சப்டைட்டில் வேண்டும் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கிண்டல் வேறு. அவர் பேசுகிற தமிழில் பாதி கன்னடம், என்னைக் கூப்பிடுகிற அந்த 'குரு' உட்பட... அதை யாரும் கேட்கக் கூடாது.

முதுகு என்று அவர் சும்மா சொல்லவில்லை. அவர் மனைவி பிலோமினா அக்காவுக்கு கேன்சர் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது.

இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த மருந்துக்கும் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி போய்வர வேண்டும்.

ஆட்டோவில் அக்காவால் உட்கார முடியாது. இருந்தது இவருடைய கார் ஒன்றுதான்... ஓட்டுப் போடுகிற வயசை எப்போதோ தாண்டிய கார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்புக்கும் முன்பக்கம் 'டொக்'கென்று இடிக்கும். கைப்பிடியைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

டொக்குக்கு ஒரு தடவை அண்ணன், "ஸாரி மா... ஸாரி மா..."

"ரோடு போட்டவன் சொல்லட்டும் ஸாரி. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்றார் அக்கா.

கேட்ட மெக்கானிக் எல்லாம் ஒரே பாட்டு. இந்த வண்டிக்குப் போய் முன் சஸ்பென்ஷன் மாற்றுவதா, எடைக்குப் போடுங்கள்.

"எடைக்குப் போடலாம் குரு, யாரு வேணாம்னா? அதுக்கு முன்னாடி அவ கொஞ்ச நாள் நோகாம போய்வரட்டும்" என்றார் என்னிடம். அவர் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை.

நாமே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், வீட்டு வாசலிலேயே காரின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றினோம்.

இரண்டு பக்கமும் புது ஷாக். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மும் புதுசு. கழற்றிய ஆர்மிலிருந்த பழைய ரப்பர் புஷ்ஷை என் கையில் வைத்தார்... காய்ந்த கருவாடு மாதிரி உதிர்ந்தது.

"பாரு, இதும்மேலதான் அவள உக்கார வெச்சு ஓட்டிட்டிருந்தேன்" என்றார்.

இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது லோயர் ஆர்ம் போல்ட்டைக் கையால் மட்டுமே போட வேண்டும். ஸ்பேனர் தொடக் கூடாது.

சக்கரத்தில் இறக்கி, டிரைவர் சீட்டில் ஓர் ஆளை உட்கார வைத்து, வண்டி பாரத்தில் அமுங்கின பிறகுதான் கடைசி டைட். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகியே நின்று கிழிந்துவிடும் என்பார்.

சீட்டில் உட்காருகிற ஆள் எப்போதும் நான்தான். நான் அப்புறம் விற்றுவிட்ட என் வண்டிக்குச் செய்தபோதும் அப்படித்தான்.

இறக்கப் போகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"பரவால்ல குரு, நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எறக்கிக்கலாம். நீ மறக்காம உன் தொப்பையக் கூட்டிட்டு வா. அதுக்கும் ஒரு வேலை வேணுமில்ல?"

உள்ளே கட்டிலிலிருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது. அண்ணன் கையில் கிரீஸோடு அப்படியே நின்று அதைக் கேட்டார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு அவர் ஐஸ் பெட்டியில் இருந்தார். ஸ்டாண்டில் நின்ற காரைச் சுற்றிக்கொண்டுதான் ஜனங்கள் மாலையோடு வந்தார்கள்.

"யாருப்பா இத வாசல்ல நிப்பாட்டுனது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். துக்க வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அறைந்திருப்பேன்.

நாளைக்கு அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். புருஷன் செத்தால் முதுகு வலி லீவு எடுத்துக்கொள்ளுமா என்ன? நான்தான் ஓட்ட வேண்டும்.

அதனால் இன்று காலை போனேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களைப் பலகைமேல் இறக்கி, ஸ்பேனரோடு கீழே போய்ப் படுத்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது... மேலே உட்கார ஆள் இல்லை.

யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அப்படியே மல்லாந்து கிடந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா. கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார். டிரைவர் சீட்டில் மெல்ல மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி... நான் உக்காந்தா வெயிட்டு வருமா?"

"வருங்கக்கா."

கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி ஒரு நூல்கூட அமுங்கவில்லை.

டைட் பண்ணிட்டேன் அண்ணே. ரெண்டு பக்கமும்.

நீங்க போங்க.