வாய் சுத்தமான மனிதர்

சாவிக்காரருக்கு வாய் சுத்தம்; யாரையும் பழித்து ஒரு சொல் வராது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில், திரும்பினால் முழங்கை இடிக்கும் பெட்டிக்கடையில், எல்லா நிறத்து மனிதர்களுக்கும் முகம் கோணாமல் மாற்றுச் சாவி வெட்டித் தருவார். மனைவி இறந்து இரண்டு வருடம். கடையை விட்டால் வீடு, ஐந்து வயது மகள், அவ்வளவுதான். பேச்சுத் துணைக்கு மனிதர் ஏங்கிப் போயிருந்தார்.

அந்தக் குடியிருப்பில் அவரிடம் "சாப்டீங்களா?" என்று கேட்கிற ஒரே ஜீவன் எதிர்வீட்டு நர்ஸ். அவள் வேறு இனம், நல்ல கறுப்பு. இவர் மட்டும் என்னவோ பாலில் குளித்துப் பிறந்தவர் மாதிரி, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

பள்ளி விட்டபின் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டாள். நர்ஸே முன்வந்தாள். "எனக்குக் காலை ஷிஃப்ட்தானே? சாயங்காலம் எங்கிட்ட விடுங்க அண்ணா." சாவிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் அவள் குனிந்து கையை நீட்டினாள். மகள் வெடுக்கென்று அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "மாட்டேன்! பயமா இருக்கு!" என்று கட்டடமே கேட்க அலறினாள்.

சாவிக்காரருக்கு மானம் போயிற்று. மகளை வீட்டுக்குள் இழுத்துப்போய்ச் சீறினார். "யாருடி சொல்லிக் குடுத்தா? நான் என்னிக்காவது அவங்களப் பத்தித் தப்பாப் பேசியிருக்கேனா?"

"பேசலப்பா. அவங்க லிஃப்ட்ல ஏறினா என் கையை வலிக்கிற மாதிரி பிடிப்ப. தெருவுல அவங்கள மாதிரி யாரு வந்தாலும் பிடிப்ப."

பொய் என்று அதட்ட ஆசைதான். பார்வை தன் கைக்குத்தான் போயிற்று.

எதிர்க்கதவைத் தட்டினார். "குழந்தை... ஏதோ தெரியாம..." என்று இழுத்தார்.

"குழந்தையை ஏன் சொல்றீங்க அண்ணா? ரெண்டு வருஷமா அந்தக் கையை நானும்தான் பாக்கறேன். பழகப் பழகச் சரியாயிடும்னு நெனச்சேன்." கோபமில்லாமல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்போது மகளைக் கூட்டிவர அவர் மூன்று மணிக்கே கடையை மூடிவிடுகிறார். சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை. கேட்டால் எவ்வளவோ சொல்லலாம் போலிருந்தது.

ஒரு மாலை, வாசலில் நின்ற இருவரையும் கடந்து நர்ஸ் பேசாமல் உள்ளே போனாள். மகள் அண்ணாந்து பார்த்தாள். "அவங்க ஆளுங்களே அப்படித்தானாப்பா?"

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதை இந்தச் சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு நின்றார். பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கும்? பதில் கிடைத்துவிட்ட மாதிரி உள்ளே விளையாடப் போய்விட்டது.