தலைப்பாகையின் மறுநுனி

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய முகத்துக்கு நேரே நான் கதவைச் சாத்தினேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அன்று திங்கட்கிழமை. பலெர்மோவின் கடலோரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், என் கணவர் சமைக்கும் மீன் உணவகத்துக்கு விடுமுறை. "எங்களோட கோப்பை கழுவுற ஒருத்தர் சாப்பிட வாறார், பாவம், தனிய இருக்கிற மனிசன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். மணி அடித்தது, திறந்தேன். நீலத் தலைப்பாகை, நரைத்த தாடி, கையில் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்த, கறிக்கென்று கொண்டுவந்த ஒரு பெரிய பூக்கோவா. தாடியும் பூக்கோவாவும் பிறகு நினைவுக்கு வந்தவை. அந்தக் கணத்தில் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். ஐம்பதை நெருங்குகிற மனுசி, பலெர்மோவில், மூன்றாம் மாடியில், அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது.

கணவர் ஓடி வந்தார். "இஞ்சாரும், என்ன செய்யிறீர்? நான் வரச்சொன்ன ஆள்தான் அவர்."

"தலைப்பாக்காரன் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் விட்டிருப்பீரோ?"

விட்டிருக்க மாட்டேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் ஊருக்கு அமைதி காக்கவென்று கடல் தாண்டி ஒரு பட்டாளம் வந்தது. அதில் பலர் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். ஒரு பகல் முழுவதும் அப்பாவையும் ஒழுங்கையிலிருந்த மற்ற ஆண்களையும் சந்தியில் வெயிலில் குந்த வைத்திருந்தார்கள். பின்னேரம் அப்பா தனியாக நடந்து வந்து, கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். அங்கே என்ன நடந்தது என்று சாகும்வரை அவர் ஒரு சொல் சொன்னதில்லை. நாங்களும் கேட்கப் பயந்தோம்.

வந்தவர் அந்தச் சாத்திய கதவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் வந்தார். எங்களுக்குள் பொதுவாக இருந்தது இத்தாலிய மொழி மட்டும்தான், அதுவும் குசினியிலும் வீட்டு வேலையிலும் பொறுக்கிய இத்தாலியன். அவர் பேசியது எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே என் தமிழில் எழுதுகிறேன். என்னை "பேன்ஜி" என்று கூப்பிடுவார், சகோதரி என்று அர்த்தமாம். நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஆனால் என் காது உள்ளே வரவில்லை. அவர் ஊரில் ஒரு கல்லூரியில் படிப்பித்தவர். தன் மக்களுக்குத் தனிநாடு வேண்டுமென்று எழுதினார், மேடைகளில் பேசினார், வழக்குகள் விழுந்தன, தப்பி வந்தார். முப்பது வருடமாகிறது. அவருடைய அகதிக் கடவுச்சீட்டில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு தொலைபேசியில் பேசுவார். யாராவது ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்தில் தாயும் மகனும் எருமையைப் பற்றியும் கோதுமையைப் பற்றியும் மட்டும் கதைப்பார்களாம். "எங்கட எருமைக்கு வந்த எல்லா நோய் வருத்தமும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்ன வருத்தமெண்டு தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். கனடாவிலிருந்து பழைய தோழர்கள் அழைத்தால் எங்கள் பல்கனியில் நின்று தொண்டை கிழியச் சண்டை பிடிப்பார். பிறகு வந்து ஆறிப்போன சோற்றை அமைதியாகச் சாப்பிடுவார்.

"கோப்பை கழுவிக்கொண்டே நாடு பிடிக்கிறார்" என்று கணவரிடம் நக்கலடித்தேன்.

"நாங்கள் மட்டும் என்ன செய்தனாங்கள்?" என்றார் அவர்.

போன வருடம் அவர் குடியிருந்த அறைக்கு வினை வந்தது. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி, வீட்டுக்காரர் எல்லோரையும் எழுப்பிவிட்டார். அதே நேரத்தில் அவருடைய பெர்மெசோவும் முடியவிருந்தது. அந்த அனுமதிப் பத்திரம் இல்லாமல் இங்கே வேலையுமில்லை, வாழ்க்கையுமில்லை. அதைப் புதுப்பிக்க குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், நாள் கொடுத்திருந்தார்கள். அங்கே முகவரி காட்ட வேண்டும். "இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று யாராவது ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கபோ சந்தைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டின் வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது.

"ஒரு கையெழுத்துத்தானே" என்றார் கணவர்.

"தலைகீழா நிண்டாலும் போடமாட்டன்."

"பெர்மெசோ போனா அந்த மனிசனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கை அவருக்கு என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியும்."

தெரியும். அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. தெரிந்துகொண்டே மாட்டேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டிலிருந்து திரும்பும்போது, மாசிமோ அரங்கின் முன்னால் அவரைக் கண்டேன். ஒவ்வொரு சனியும் அங்கே நிற்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தனி ஆளாக நின்றார். தன் ஊரில் சிறையிலிருப்பவர்களை விடுவிக்கச் சொல்லி இத்தாலிய மொழியில் எழுதிய அட்டை கையில். இரண்டு சுற்றுலாப் பெண்கள் அவருக்கு இருபுறமும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பொறுமையாக அட்டையைப் படத்துக்குள் வருமாறு நகர்த்தினார். ஒருத்தி சிரித்துக்கொண்டே அதைத் தள்ளிவிட்டாள். அவர் மறுபடியும் நகர்த்தினார். அவள் மறுபடியும் தள்ளினாள்.

அந்த இடத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம். எங்கள் போர் முடிந்த அந்த மே மாதத்தில், செத்தவர்களின் படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு, அழுது அழுது. ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, அந்தப் பெண்களிடம் போய்க் கத்தினேன். "அவர் படத்துக்கு நிக்கேல்லை! அட்டையை வாசியுங்கோ!" அவர்கள் பயந்து போய்விட்டார்கள். வாசிக்கவில்லை.

படியில் உட்கார்ந்து அவர் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் வாங்காமல் கேட்டேன். "உங்கட ஆக்கள் ஏன் எங்கட ஊருக்கு வந்தவை?"

அவர் இல்லை என்றோ, எனக்குத் தெரியாது என்றோ சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து அவருக்குத் தேவைப்பட்ட நேரம் அது. "என்ரை மாமாவும் அந்தப் பட்டாளத்திலை வந்தவர்" என்றார். "திரும்பி வந்தாப்பிறகு ஒண்டும் கதைக்கமாட்டார். கேட்டா எழும்பிப் போயிடுவார். ஒரேயொரு விசயந்தான் சொன்னவர். அங்கை வீட்டுக்கு வீடு கிணறாம். தண்ணி கேட்டுப் போனா ஒரு கதவும் திறக்கேல்லையாம்."

"நாங்கள்தான் திறக்கேல்லை."

"நான் எண்டாலும் திறந்திருக்கமாட்டன், பேன்ஜி."

தன் ஆட்களும் அந்தப் பட்டாள உடுப்பைப் போட்டுக்கொண்டு மற்றவர் வீடுகளுக்குள் போனவர்கள்தான் என்று அவர் ஒரு கட்டுரை எழுதினாராம். அதற்குப் பிறகு கனடாத் தோழர்கள் பாதிப்பேர் அவரோடு பேச்சை விட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. நான் அப்பாவை நினைத்தேன், வாயே திறக்காத அந்த மாமாவையும் நினைத்தேன். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து, "குவெஸ்தூராவுக்குப் போற நாள் வரைக்கும் அவர் முன்னறையிலை படுக்கட்டும். கடதாசியைப் பற்றி மட்டும் என்னோட கதைக்காதேங்கோ" என்றேன். கணவர் கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை.

குவெஸ்தூராவுக்குப் போகிற நாள் வந்தது. கணவர் விடியவே வேலைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஏதோ உடைந்து விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால், கையில் நீளமான சாம்பல் நிறத் துணியோடு நிற்கிறார். உச்சியில் சின்னக் கொண்டை. தலைப்பாகை இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை. கட்டுவதற்கு முன்னால் துணியை இழுத்து மடிக்க இன்னொருவர் வேண்டுமாம். ஆளில்லாததால் ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்திருக்கிறார். இரண்டு வருடமாக என் கணவர் திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கைப்பிடி கழன்று வந்துவிட்டது.

"ஊரிலை அம்மா பிடிப்பா. இஞ்சை வந்த நாளிலிருந்து கதவுதான்" என்றார், திருட்டில் பிடிபட்டவர் மாதிரி.

முப்பது வருடமாகக் கதவுகள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நான் மறுநுனியை எடுத்தேன்.

"இழுங்கோ, பேன்ஜி. பயப்படாதேங்கோ, கிழியாது."

சேலை மடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? இழுத்தேன். மடித்தோம், மறுபடி இழுத்தோம். அறை போதாமல் நான் குசினி வரைக்கும் பின்னுக்குப் போனேன். மெல்லிய பருத்தித் துணி, சவர்க்கார வாசம். கிட்ட வந்து என் கையிலிருந்த நுனியை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு சுற்றாகக் கட்டினார். நான் போகாமல் நின்று பார்த்தேன். கடைசிச் சுற்று முடிந்தபோது, என் அப்பாவை வெயிலில் வைத்தது இந்தத் தலைப்பாகை அல்ல என்பது முதல் தடவையாக எனக்குப் பட்டது.

"அந்தக் கடதாசியைத் தாங்கோ" என்றேன்.

அவர் பையிலிருந்து எடுக்கவே சிறிது நேரம் பிடித்தது. குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் கடதாசியை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் படியிறங்கிப் போகும் சத்தத்தைக் கதவடியில் நின்று கேட்டேன். இரண்டாம் மாடியில் புதிதாக வந்திருந்த கிழவி கதவைத் திறந்தாள். "மடோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டாள். கதவு படாரென்று சாத்துப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்ததும் கேட்டது.

நான் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் எட்டிக் குனிந்து, கட்டடமே கேட்கக் கத்தினேன்.

"சிஞ்ஞோரா, கதவைத் திறவுங்கோ! அவர் எங்கட வீட்டு ஆள்!"