இல்லாத இன்னொரு பாஸ்வேர்டு

பழனிசெட்டிபட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டிக்கு வாய்தான் மூலதனம். போடி ஏலக்காய் வியாபாரிகள் முதல் கூடலூர் ஜீப் முதலாளிகள் வரை அந்த வாயில் மயங்கித்தான் ஹார்டு டிஸ்க்குக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரே டிஸ்க், இரண்டு பாஸ்வேர்டு. ஒன்றைப் போட்டால் கல்யாண போட்டோவும் சாமி பாட்டும் வரும். மற்றதைப் போட்டால்தான் ஒளித்து வைத்தது வெளியே வரும்.

"யாராச்சும் நெருக்குனா முதல் பாஸ்வேர்டைக் குடுத்துருங்கண்ணே. இன்னொண்ணு இருக்கான்னு கேட்டா, இல்லவே இல்லன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது!" இதைச் சொல்லும்போது மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் மனைவி நாகஜோதி காதில் வாங்காதவள் போல இருப்பாள்.

போன ஆவணியில் சுப்புத்தாய் என்றொரு பெண் கடைக்கு வந்து அழுதாள். புருஷன் டிஸ்க்கைத் திறந்து காட்டிவிட்டாராம், அதில் ஒன்றுமே இல்லையாம். உள்ளே இன்னொரு பூட்டு இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

"இருந்தாலும் இல்லாட்டியும் பாக்க ஒண்ணுபோலத்தாம்மா இருக்கும்" என்றார் ஈஸ்வரபாண்டி. உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாகஜோதி கேட்டாள். "உங்க டிஸ்க்கைத் திறங்க."

திறந்தார். மகள் சுபாஸ்ரீ தவழ்ந்தது, காது குத்தியது, பள்ளிக்கூடத்தில் ஆடியது, எல்லாம் படங்களாக அதில்தான் இருந்தன.

"இன்னொரு பாஸ்வேர்டு?"

"ஆத்தாடி, எனக்கெதுக்குடி அதெல்லாம்? ஒண்ணுதான் இருக்கு."

"அப்படித்தானே சொல்லச் சொல்லி விக்கிறீக?"

அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. அவள் சண்டை போட்டாலாவது பரவாயில்லை. அவர் போன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். இருப்பதைக் காட்டிவிடலாம், இல்லாததை எங்கே போய்க் காட்டுவது?

குச்சனூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், சன்னதிக்கு முன்னால் சூடம் ஏற்றி, சத்தியம் பண்ணி அதை அடித்து அணைக்கக் கையை ஓங்கினார். நாகஜோதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். இதையும்தான் ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கீக."

கடைசியில் பெட்டியைக் கட்டினாள். "சந்தேகத்தோட ஒரே வீட்ல புழங்க முடியல. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்காத்தா வீட்டுக்குப் போறேன்."

ஈஸ்வரபாண்டிக்குப் பயம் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. டிஸ்க்கை மாட்டினார். அவள் கண்ணெதிரே மொத்தத்தையும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அழித்தார். வேறெங்கும் அந்தப் படங்கள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"பாத்துக்க. இப்ப ஒரு பூட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. போதுமா?"

வெற்றுத் திரையைப் பார்த்தாள் நாகஜோதி. அவள் கண் நிறைந்துவிட்டது.

"பெத்த புள்ள படத்தையே அழிக்கத் துணிஞ்சீகன்னா, உள்ளுக்க இருந்தது அம்புட்டுப் பெருசா?"