விளக்குக்காரிக்கு நாங்கள் சொன்ன பதில்

மழைக்காலத்தில்தான் என் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் அவர் மேனேஜர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வண்டி எங்கே ஓடுகிறதோ அதுதான் அவருக்கு ஊர். அங்கே மழை பிடித்துவிட்டால் காட்டுக்குள் வண்டி இறங்காது. ஆடியை ஒட்டித் திரும்புவார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்த கையோடு மறுபடி கிளம்பிவிடுவார்கள். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பல வீடுகளுக்கு இதுதான் காலண்டர்.

கிளம்பும்போது ஒவ்வொரு வருஷமும் "பொங்கலுக்கு வாரேன்" என்பார். ஒரு பொங்கலுக்கும் வந்ததில்லை. தை மாதம்தான் அங்கே ஓட்டம் சூடு பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் அவருக்கும் சேர்த்து அரிசி போடுவேன், மாட்டுப் பொங்கல் வரைக்கும் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாமக்கல்லில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள், வெவரமானவள் என்று பெயர் வேறு.

ராய்ப்பூரில் யாரோ விற்றார்கள் என்று அவர் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தார், டிவியில் மாட்டி விளையாடுவது. அதற்குள் ஒரு பெரிய உலகம் இருந்தது: கோட்டை, காடு, பேசும் கழுகு, வாள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் ஒரு நாடோடி. நாடோடியை ஓட்டுவது அவர் கை. திரையில் ஓடும் ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் படித்துச் சொல்வது என் வாய். அரசனே வந்து பேசினாலும் என் வாயில் அவன் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வான். என் மாமியாருக்கு, அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இதில் ஏக வருத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் டிவிக்குள் பேயை விரட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டியபடி பார்ப்பார்.

என் வீட்டுக்காரருக்கு விளையாட்டிலும் தொழில் புத்தி போகாது. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் கிணற்றைத் தேடுவார். ராட்சசன் துரத்திக்கொண்டு வரும்போது நின்று, இந்தப் பாறையைப் பார்த்தால் தண்ணீர் ரொம்பக் கீழேதான் இருக்கும் என்று எனக்கு விளக்குவார். அதற்குள் நாடோடி செத்திருப்பான்.

இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்டு பெரிய கதையை முடித்தோம். போன வருஷம் அதற்கு ஒரு குட்டிக் கதை வந்தது. பெரிய கதை முடிந்த பிறகு ஒட்டவைத்த ஒரு துண்டு. தனியாகக் காசு கட்டி நெட்டிலிருந்து இறக்க வேண்டும், ஒரு வாரத்துச் சாயங்காலங்களில் முடிந்துவிடும். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இறக்கினார். வண்டி கிளம்புவதற்குள் சேர்ந்து முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அவர் போன பிறகு பாதிக் கதையோடு அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நாடோடி ஒரு படகில் ஏறுகிறான். படகு போகிறது, போகிறது, பனிமூட்டத்துக்குள் கரைந்துபோகிறது. மறுபக்கம் ஒரு தீவு. அங்கே சண்டையே இல்லை. வெள்ளைப் புல், காலியான வீடுகள், எங்கோ அடிக்கும் ஒரு மணி. அலைச் சத்தம் மட்டும் ஓயாது. எங்கள் சமவெளியில் கடல் ஏது? சங்ககிரி மலையும் கோழிப்பண்ணைகளும்தான் எங்கள் அடிவானம். வெளியே தூறல் பிடித்திருக்கும். ஜன்னலுக்கு அந்தப்புறம் சோளக்காட்டில் விழும் மழை, இந்தப்புறம் தீவின் அலை. இரண்டும் ஒன்றாகக் கலந்து, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண் சொருகும். படித்துக்கொண்டே தூங்கிப்போவேன். விழித்தால் நாடோடி புல்லில் நின்றுகொண்டிருப்பான். அடுத்த வரியைப் படிக்க ஆளில்லாமல் என் வீட்டுக்காரரும் சும்மா அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் முழுக்க வகுப்பில் பாடம் நடத்தும்போதும் என் காலடியில் மணல் இருந்தது.

தீவில் இருப்பது ஒரே ஒரு பெண். மேட்டின் மேல் இருக்கும் கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்கிறவள். எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்து கிடக்கிறது. எண்ணெய் தேடிக் கொடுத்து விளக்கை ஏற்றுவதுதான் மொத்தக் கதையும். அவள் அதிகம் பேச மாட்டாள். அவள் வீட்டுக்குள் போனால் அடுப்பில் எப்போதும் இரண்டு பேருக்கு ஏதோ வெந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் விளக்கு எரிந்தது. பனிமூட்டம் விலகி, மஞ்சள் வெளிச்சம் தண்ணீரின் மேல் நெடுகப் போனது. அத்தைகூட ஆட்டுவதை நிறுத்தினார். நாடோடி படகுக்கு வந்தான். அவள் துறை வரைக்கும் கூடவே வந்து, திரும்பி வருவாயா என்று கேட்டாள். திரையில் மூன்று பதில்கள். திரும்பி வருவேன். வர முடியுமா என்று தெரியவில்லை. வர மாட்டேன், காத்திருக்காதே.

நான் படித்து முடிப்பதற்குள் அவர் முதல் பதிலை அழுத்திவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பேன். கிளம்புகிற இடத்தில் போகிறேன் என்றே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன்தான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மற்ற இரண்டும் வாசல்படியில் சொல்கிற பேச்சா?

படகு நகர்ந்தது. அவள் துறையில் உட்கார்ந்தாள். திரை மெதுவாகப் பின்வாங்கியது. புல் பச்சையானது, வெளுத்தது, பனி விழுந்தது, மறுபடி பச்சையானது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவள் எழுந்திருக்கவே இல்லை. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. திரும்பப் போகலாம் என்று அவர் படகைத் தேடினார். படகு இல்லை. அந்தக் குட்டிக் கதைக்குத் திரும்பும் வழியே வைக்கவில்லை. பழைய இடத்திலிருந்து தொடங்கவும் முடியாது, விளையாட்டே பழைய பதிவை அழித்துவிட்டு இந்த முடிவைத் தானாகப் பதிந்து வைத்துவிட்டது. பெரிய கதையின் கடற்கரைப் பாறையில் ஏறி நின்றால் மட்டும் தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"நாம நல்ல வார்த்தைதான சொன்னம்?" என்றார். நான் எழுந்தேன். சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பூஜை முடிந்து எல்லாரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போனில் யாரோ போட்டிருந்த வீடியோவில் மூன்றாவது பதிலைப் பார்த்தேன். வர மாட்டேன் என்று சொன்னால் அவள் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு மேட்டுக்குப் போய், வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறாள். புல்லில் கவிழ்ந்து கிடந்த பழைய படகை நிமிர்த்துகிறாள். அதில் ஏறி அவளே போகிறாள், எங்கே என்று காட்டவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். போகிறவனுக்கு மூன்று பதில் கொடுத்திருக்கிறார்கள். நிற்கிறவளுக்கு ஒன்றுகூட இல்லை. அவளுக்கு என்ன வாய்க்கும் என்பது அவன் வாயில் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, விளையாட்டைச் செய்தவர்கள் மேலா, அரிசி போடும் என் கை மேலா என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் வண்டி கிளம்பியது. ரோட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"மாமா, வாரேன்னு சொல்லாதீங்க. பொங்கலுக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லிட்டுப் போங்க," என்றேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். ஹாரன் ஒரு தடவை அடித்தது. விளையாட்டில் படகைத் தேடியபோது இருந்த அதே முகம் அவருக்கு வந்தது.

"வர மாட்டேன் புள்ள," என்றார். "ஆடிக்குத்தான்."

அத்தை பதறிப்போனார். நல்ல நாளும் அதுவுமாக வாசலில் நின்று என்ன பேச்சு என்று என்னை வைதுவிட்டு, மகனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அபசகுனமாக வார்த்தை விழுந்துவிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அவர் சமர்த்தாக உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தார். அம்மாவிடம் "போயிட்டு வாரேன்" என்று சொன்னார். என்னைத் தாண்டும்போது என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். அன்று முழுக்க அழுதேன். ஆனால் அழுது முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பொங்கல் வந்தது. இரண்டு பேருக்கு அரிசி போட்டேன், எனக்கும் அத்தைக்கும். கேட்டை யாரும் பார்க்கவில்லை. மாட்டுப் பொங்கல் கழித்து, பள்ளிக்கு இன்னும் லீவு மிச்சம் இருந்ததால், கடலைப் பார்த்துவிட்டு வரலாமா என்று அத்தையைக் கேட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் அவர் பையில் சேலையை வைத்துவிட்டார். திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறித் தரங்கம்பாடிக்குப் போனோம். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அலைச் சத்தம் பெரிதாக இருந்தது. காலடியில் இந்த முறை நிஜ மணல். அத்தை சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும்போது பின்னால் ஓடி, போகும்போது முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் போன் செய்தார். பின்னால் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைந்தது. என் பக்கமும் ஏதோ இரைகிறதே, எங்கே இருக்கிறாய் என்று கத்தினார். கடலுக்கு வந்திருக்கிறோம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்டே இராத ஒன்றை அப்போது கேட்டார்.

"ஊட்டுக்கு எப்ப வருவே?"

மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவோம், டிக்கெட்கூட எடுத்தாயிற்று. போனைக் காதில் வைத்துக்கொண்டு அலையைப் பார்த்தேன். மூன்று பதில்களும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் காத்திருந்தார். அத்தை இன்னொரு அலைக்குப் பயந்து பின்னால் ஓடி வந்தார். அந்த அலை திரும்பிப் போன பிறகுதான், நாளைக்குச் சாயங்காலம் என்று சொன்னேன்.