சரக்கு விமானி வீட்டில் இருந்த இருபது நாள்

நடராசன் ஓட்டிய விமானத்தில் பயணிகள் கிடையாது. கூரியர் மூட்டை, மருந்துப் பெட்டி, செல்போன், ஒருநாள் வயசுக் கோழிக்குஞ்சு, சில சமயம் உயிரோடு நண்டு. இதை ஜெயங்கொண்டத்துச் சொந்தபந்தத்துக்குப் புரியவைக்க அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. புரிந்த பிறகு அவர்கள் வைத்திருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. அதற்கு முன் இருபது வருஷம் விமானப்படையில் இருந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"மாப்ள, நீங்களும் லோடு ஓட்டுறீங்க, நானும் லோடு ஓட்டுறேன்" என்பார் மலர்க்கொடியின் அண்ணன் வெள்ளைச்சாமி. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். "எனக்கு டயர் வெடிச்சாக்கூட ராத்திரி சோத்துக்கு வூட்டுக்கு வந்துடுறேன்."

நடராசன் கதை வேறு. மும்பையிலிருந்து சென்னைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறவனுக்கு, பல்லாவரத்து அறையிலிருந்து அரியலூர் வீட்டுக்கு வர ஆறு மணி நேரம் ஆனது. அந்த அறையில் அவனோடு இன்னும் இரண்டு விமானிகள் இருந்தார்கள். மூவருக்கும் வேறு வேறு பணி நேரம் என்பதால் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். ஒருவர் குடித்து வைத்த காபி டம்ளரைக் கழுவும்போது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள்.

தொடர்ந்து ஐந்து இரவு பறப்பான். பிறகு மூன்று நாள் ஓய்வு. முதல் நாள் ரயிலிலும் தூக்கத்திலும் போகும். மூன்றாம் நாள் காலை பல்லவன் எக்ஸ்பிரஸுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் இருக்கிற ஒரு நாளைத்தான் அவன் குடும்ப வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டான்.

இதற்கு ஒரு வழி இருந்தது. மலர்க்கொடி கீழப்பழுவூர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வருஷா வருஷம் இடமாறுதல் விண்ணப்பம் வரும். கணவன் வேலை பார்க்கும் ஊர் என்று காரணம் காட்டி சென்னைப் பக்கம் கேட்கலாம். நான்கு வருஷமாகக் கேட்கலாம் கேட்கலாம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் இலக்கியாவுக்கு ஒன்பது வயசாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போனால் அவளுக்குத் தன்னோடு பேச விஷயமே இருக்காது என்று நடராசனுக்குப் பயம். 2004 மார்ச்சில், இந்தத் தடவை விடுவதில்லை என்று தீர்மானித்தான்.

அந்தத் தீர்மானத்துக்கு ஒரு ஜலதோஷம் உதவி செய்தது. மும்பையில் இறங்கும்போது இடது காது அடைத்துக்கொண்டு உயிர் போகிற வலி. ஜலதோஷத்தோடு பறக்கிறவனுக்கு வருகிற வியாதிதான். டாக்டர் பார்த்துவிட்டு இருபது நாள் பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வலியோடு இவ்வளவு சந்தோஷமாக வெளியே போன நோயாளியை அவர் பார்த்திருக்க மாட்டார்.

முதல் மூன்று நாள் நாட்டுக்கோழி. நாலாம் நாள் கத்திரிக்காய். நடராசனுக்கு நிறைவாக இருந்தது. விருந்தாளி என்ற நிலையிலிருந்து குடும்பத்தான் ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தான்.

ஐந்தாம் நாள்தான் வீட்டின் ஓட்டம் அவன் கண்ணில் பட்டது. ஐந்தரைக்கு மலர்க்கொடி எழுந்தால் ஏழே முக்காலுக்குள் சமையல், சடை, டிபன் பாக்ஸ் எல்லாம் முடிந்துவிடும். இலக்கியா ஆட்டோ ஏறுவாள், அம்மா பஸ் ஏறுவாள், சாவி எதிர்வீட்டுப் பச்சையம்மாளிடம் போகும். இந்த ஓட்டத்தில் எங்கே கை வைத்தாலும் இடித்தது. தண்ணீர் பிடித்து வைக்கலாமென்று போனால், அது குடிக்கிற தண்ணிக் குடம் இல்லை என்றாள் மலர்க்கொடி. சடை பின்னினான்; மகள் மரியாதைக்காக வாசல் வரை அப்படியே போய், ஆட்டோவுக்குள் அவிழ்த்துவிட்டுப் பின்னிக்கொண்டாள். அவனைத் திட்டவும் ஆளில்லை, அதுதான் கஷ்டம். பச்சையம்மாளைத் திட்டினார்கள், பால்காரரைத் திட்டினார்கள். அவனிடம் மட்டும், "நீங்க ஒக்காருங்க" என்றார்கள்.

எட்டு மணிக்கு மேல் சாயங்காலம் ஐந்து வரை அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். பல்லாவரத்து அறையில் தனியாக இருக்கும்போது இந்த வீட்டை நினைத்துக்கொள்ள முடிந்தது. இந்த வீட்டில் தனியாக இருக்கும்போது எதை நினைப்பது என்று தெரியவில்லை.

கடைத்தெருவுக்குப் போனால் ஊரில் எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார்கள். எப்ப வந்தீங்க, எப்ப கெளம்புறீங்க? வெளியூரில் வேலை பார்க்கிறவனை விசாரிக்கும் முறை அது, தப்பில்லை. பத்து நாளுக்கு மேல் ஆனதும் முதல் கேள்வி நின்று, இரண்டாவது மட்டும் வந்தது. பதினைந்தாம் நாள் பச்சையம்மாள் குரலைத் தாழ்த்தி, கம்பெனியில் ஏதும் பிரச்சினையா தம்பி என்று கேட்டாள். காது என்றான். அவள் நம்பவில்லை. காதால் யாரும் வண்டி ஓட்டுவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் இலக்கியாவின் மதிப்பெண் அட்டை வந்தது. பெற்றோர் கையொப்பம் என்று போட்ட கட்டங்களில் வரிசையாக மலர்க்கொடியின் கையெழுத்து. நடராசன் பேனாவை வாங்கி, கேப்டன்கள் போடுகிற மாதிரி ஒரு நீளக் கையெழுத்துப் போட்டான். அட்டையைக் கொடுத்தபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் குழந்தை அழுத முகத்தோடு வந்தாள். கையெழுத்தை அவளே போட்டுவிட்டாள் என்று டீச்சர் முடிவு கட்டி, முதல் இரண்டு பீரியடும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார். அப்பா போட்டதென்று சொல்ல வேண்டியதுதானே என்று நடராசன் கேட்டான். சொன்னாளாம். "உங்கப்பாதான் ஊர்லயே இல்லையே" என்றாராம் டீச்சர்.

அடுத்த நாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தான்தான் அப்பா என்று நிரூபிக்கக் கிளம்பினான். மகள் வழியை மறித்தாள்.

"நீங்க வரவேணாம்ப்பா. அம்மாவ ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாப் போதும்."

மலர்க்கொடி அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். பிரச்சினை அதோடு முடிந்தது.

அன்று ராத்திரி சாப்பிட்டதும் அவன் பீரோவிலிருந்து மாறுதல் விண்ணப்பத்தை எடுத்தான். காலியிடங்களையெல்லாம் அழகாக நிரப்பினான். காரணம் என்ற இடத்தில் 'கணவருடன் இணைந்து வாழும் பொருட்டு' என்று எழுதினான். எழுதியதைப் பார்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. மலர்க்கொடி பரீட்சைத் தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு அதை வாங்கிப் படித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "நாங்க அங்க வந்தா நீங்க ராத்திரி பறப்பீங்க, பகல்ல தூங்குவீங்க. நானும் புள்ளையும் சத்தம் போடாம நடக்கணும். இங்க நான் தனியாத்தான் இருக்கேன், இல்லன்னு சொல்லல. ஆனா தனியா இருக்கறதுக்கும் நாலு பேரு வேண்டியிருக்கு. இங்க இருக்காங்க."

அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். "நாளைக்கி எனக்கு வரிசையா கிளாஸ். நீங்களே ஹெச்.எம்.கிட்ட குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமதான் கடைசி, இருந்தாலும் நாளைக்கே குடுத்துடுங்க."

மறுநாள் வியாழக்கிழமை. பத்தரை மணி பஸ்ஸில் கீழப்பழுவூர் போனான். தலைமையாசிரியர் கிருஷ்ணமூர்த்தி ஏதோ கூட்டத்துக்காகப் பெரம்பலூர் போயிருந்தார். அரியலூர் ஒன்றேகால் வருஷம்போலத் தனி மாவட்டமாக இருந்துவிட்டுத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்திருந்த காலம். எல்லாக் காகிதமும் அங்கேதான் போகும். வந்துவிடுவார், உட்காருங்கள் என்று வராந்தாவில் நாற்காலி போட்டார்கள்.

எதிரே ஏழாம் வகுப்பு. உள்ளே மலர்க்கொடி.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் பாடம் நடத்தி அவன் பார்த்ததில்லை. வீட்டில் இருக்கிற குரல் இல்லை அது. வராந்தா முழுக்கக் கேட்டது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தனை எழுப்பி, நேத்து ஏண்டா வரலை என்று கேட்டாள். முந்திரிக் கொட்டை பொறுக்கப் போனேன் டீச்சர் என்றான். பொறுக்கினதுல எனக்கு எங்கடா என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து. அப்படிச் சிரிக்கிற பெண்ணை அவன் ஆக்ரா விமானப்படைக் குடியிருப்பில், கல்யாணமான புதிதில், ஓரிரு தடவை பார்த்திருக்கிறான். அவள் எங்கேயோ போய்விட்டாள் என்று நினைத்திருந்தான். அவள் தினமும் டவுன் பஸ் ஏறி இங்கே வந்துகொண்டிருந்தாள்.

ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான்; அதே நேரம் ஒரு தடவை திரும்பினால் தேவலை என்றும் நினைத்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தலைமையாசிரியர் வந்தார். அடடே, வாங்க கேப்டன் சார் என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். நடராசனின் சட்டைப்பையில் விண்ணப்பம் நாலாக மடிந்து இருந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஸ்கூலப் பாத்துட்டுப் போலாம்னு."

அதிலும் பாதி உண்மைதான். எப்ப கெளம்புறீங்க என்று அவரும் கேட்டார். சனிக்கிழமை என்றான்.

சாயங்காலம் மலர்க்கொடி வந்து கை கால் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவனும் போய் நிலைப்படியில் நின்றான். இலக்கியா கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சு போச்சாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை கடைசி என்று சொன்னவளே அவள். தேதியை மறந்துபோய்ப் பேசுகிறவனில்லை அவன் என்றும் அவளுக்குத் தெரியும். தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே, "அப்படியா" என்றாள். சற்றுப் பொறுத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

"ம், பாத்துக்கலாம்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த காரியங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்தப் பொய்யும் அதில் ஒன்று. அவள் முதல் தோசையைத் தட்டில் போட்டு அவனிடம் நீட்டினாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவன் அங்கேயே நின்றபடி சாப்பிட்டான்.