என் மகள் உட்கார்ந்த மடி

என் கால்கள் முதன்முதலில் என்னைக் கைவிட்டது கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில், ஒரு நகைக்கடைப் படியில். கையில் மூன்று வயது மகளுக்கு வாங்கிய கம்மல். பின்னால் என் கணவர். கீழே இறங்கப் பார்த்தேன், கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாததுபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் மயக்கம் என்று கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் குளியலறையில் அதேபோல் ஆனது. பிறகு பஸ்ஸில். ஒருநாள் காலையில் நான் விழித்துக்கொண்டேன், கால்கள் விழிக்கவில்லை.

இது தொண்ணூறுகளின் நடுவில். கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (காலில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி நரம்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்த ரிப்போர்ட்டின் கொடுமை தெரிந்திருக்கும். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால், படுத்திருப்பவள் நடிக்கிறாள் என்றுதான் ஊருக்கு அர்த்தம். பார்க்க வந்த என் நாத்தனார், ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளிப் பார்த்தார். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இன்னும் இல்லை.

அம்மா வேறு காரணம் கண்டுபிடித்தார். மகளின் காதுகுத்தை நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். அதனால் குலதெய்வத்துக்குக் கோபமாம்.

"வெரசா ஒரு நாளப் பாத்துக் குத்திப்போட்டா நீ எந்திரிச்சு நடந்துருவே கண்ணு" என்றார்.

தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள். குறித்த அன்றிலிருந்து என்னால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அதனால் அந்த உரிமை என் பெரியப்பா மகனுக்கு. குடும்பமே பெரியண்ணன் என்று அழைக்கும் ஆள். பம்ப்செட் பட்டறை, கோயில் கமிட்டி, வெள்ளை வேட்டி.

அந்த மடியை எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து பத்து வயதுவரை தெரியும். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். வெட்கப்பட்டு அல்ல, வெட்கம் என்னுடையது இல்லை. விவரம் கேட்கிறவர்களுக்குத் தீனி போடுவது என் வேலையும் இல்லை. மரியாதைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது, நாய்க்குட்டிக்குக்கூட 'ங்க' போடுவோம். அவனுக்கு மட்டும் நான் போடுவதாக இல்லை.

நரம்பு மருத்துவர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். நடுவயதுப் பெண். போனதும், "பைத்தியம்னு எழுதப்போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க அம்மணி. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, நீங்க நடிக்கவும் இல்ல" என்றார். அதைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு கன்வர்ஷன் (மனம் தாங்க முடியாததை உடம்பு ஏற்றுக்கொண்டு கையோ காலோ பேச்சோ நின்றுபோவது) என்று பெயர் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்க போறதுக்கு இந்தக் காலு மாட்டேங்குதுங்க?"

"காதுகுத்துக்கு" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். பிறகு மற்றதெல்லாம் வந்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "காதுகுத்தே வேண்டாம் அம்மணி. உட்டுரலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் வேண்டாம்? எம்புள்ள கம்மல் போடக்கூடாதுங்களா? அவன் மடிதான் வேண்டாம்."

அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதிலேயே சொல்லியிருந்தேன். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி" என்று என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். எங்கள் ஊரான கிணத்துக்கடவில் எங்கள் தோப்புக்கும் பெரியப்பா தோப்புக்கும் ஒரே கிணறு. மோட்டார் இருந்தது அவர்கள் கையில்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருந்தா தண்ணிய நிறுத்தியிருப்பாங்க. தென்னையெல்லாம் காஞ்சிருக்கும்" என்றார் அம்மா, மருத்துவமனையில் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.

"தென்னை காயலையே. நான்தானம்மா காஞ்சுபோனேன்."

அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சொன்ன மறுநாளே எழுந்து ஓடினேன் என்று நினைக்காதீர்கள். இயன்முறைப் பயிற்சியில் (உடற்பயிற்சியால் தசைகளை மீட்பது) இரண்டு கம்பிகளுக்கு நடுவே குழந்தைபோல் நடை பழகினேன். ஒருநாள் பத்தடி, மறுநாள் ஒன்றுமில்லை. வாரா வாரம் அந்த மருத்துவரிடம் பேசினேன். தை மாதம் வந்தபோது கையில் ஒரு ஊன்றுகோல் இருந்தது. காதுகுத்து நடக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போவது என்று நானேதான் முடிவு செய்தேன்.

அவன் முன்னாலேயே வந்து ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சீர்த்தட்டு. தொடையைத் தட்டி, "வா கண்ணு, மாமன்கிட்ட வா" என்று என் மகளைக் கூப்பிட்டான். என் முழங்கால் சில்லிட்டது. விழுவதற்குள் நானே உட்கார்ந்து, மகளை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்கயே குத்துங்க" என்றேன், காது குத்த வந்திருந்த ஆசாரியிடம்.

"முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்று அவர் தயங்கினார்.

அவன் சிரித்தான். "ஒடம்பு சரியில்லாதவ, உனக்கெதுக்கு அம்மணி செரமம்?"

"எனக்கு எட்டு வயசுல நீ என்ன பண்ணுனேன்னு இங்கயே சொல்லட்டுமா?"

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. குழந்தை வாயில் வைக்க வெல்லக்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சொல்லு கண்ணு. கெணத்த அவனே வெச்சுக்கட்டும்."

நான் சொன்னேன். நான்கே வாக்கியம். அவன் கத்தினான், நான் பொய் சொல்கிறேன் என்றான். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே எங்களுக்குத் தண்ணீர் நின்றது. பதினோரு தென்னை பட்டுப்போயிற்று. பிறகு அம்மா தன் பெயரில் போர்வெல் போட்டார். சொந்தத்தில் பாதிப்பேர் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. காப்பித்தூள் மிச்சம்.

அன்று ஆசாரி என் மடியில் வைத்தே காது குத்தினார். மகள் அழுது ஓய்ந்து, வாயில் வெல்லத்தோடு என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பந்தி முடிந்தது. எழப் பார்த்தேன், இரண்டு காலும் இல்லை. மறுபடியும் அந்த எட்டு வயதுக்கே போய்விட்டேன் என்று நினைத்தேன். பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுவென்று வந்தது. வெறும் மரத்துப்போதல்தான், பிள்ளையை மடியில் போட்ட எல்லா அம்மாக்களுக்கும் வருவது. எனக்கு முப்பது வயது. என் மகள் கனத்துவிட்டாள்.

கணவர் குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

"இருங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் மரத்தே கெடக்கட்டும்."